ஆவணிக்குள் எழும்பிய சுவர்கள்: கடலூரில் ஒரு நிறுவனம் ஏ.ஏ.சி. பிளாக்குக்கு மாறியபோது நடந்தவை

2023 ஜனவரி முதல் 2025 பிப்ரவரி வரை கடலூரில் ஒரு வீட்டுத் திட்டத்தில், சுவருக்குச் செங்கலை விட்டு ஏ.ஏ.சி. பிளாக்குக்கு (காற்றறைகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) மாறியபோது நடந்தவற்றின் பதிவு இது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் மனையின் சரியான இடமும் விடப்பட்டுள்ளன. அந்த வேலையில் தரம் பார்க்கும் பொறியாளராக இருந்தவன் நான். கீழே தவறென்று குறிப்பிடும் சில வேலைகளுக்கு 'சரி' என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## பின்னணி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாகத் தனி வீடுகளும் சிறிய அடுக்கு வீடுகளும் கட்டிவரும் நிறுவனம் அது. நிரந்தரச் சம்பளத்தில் பதினைந்து பேர். கொத்தனார், சித்தாள், கம்பி வேலை, சென்ட்ரிங் எல்லாம் மேஸ்திரிகள் மூலமாகத்தான். சுவர் வேலைக்கு வந்த மேஸ்திரி குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். முதலாளியோடு அவருக்குப் பதினெட்டு வருடப் பழக்கம்.

திட்டத்தில் 36 வீடுகள். பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று வரிசை, ஒவ்வொன்றும் தரைத்தளமும் மாடியும். மனை பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட தாழ்வான பகுதியில் இருந்தது. வண்டலும் களியும் கலந்த மண். ஆறடி தோண்டினால் தண்ணீர். 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற இடம் என்பதால் பேஸ்மட்டத்தைச் சாலையிலிருந்து நாலடி உயர்த்தியிருந்தோம். காலம் (தூண்), பீம் (உத்திரம்) எல்லாம் ஆர்.சி.சி. சட்டகம், அதாவது கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். சுவர் எடையைத் தாங்குவதில்லை, இடத்தை அடைக்கிறது. இது பின்னால் முக்கியமாகும்.

செங்கல்தான் தலைவலி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்துச் சூளைகள் எரிவதில்லை. தை பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை தொடங்குவார்கள். அப்போது கிடைப்பது மழைக்கு முன் சுட்டு அடுக்கிய மிச்சம், அல்லது அவசரத்தில் வெந்தும் வேகாமலும் இறக்கிய புதுச் சரக்கு. ஒன்பது அங்குலம் என்று வரும் கல் சிலசமயம் எட்டரைதான் இருக்கும். அந்தக் கோணலையெல்லாம் பூச்சு விழுங்கும். 12 மி.மீ. போட வேண்டிய உட்பூச்சு 20 மி.மீ. ஆகும். 2023 ஜனவரியில் இரண்டு லோடு செங்கலைத் திருப்பி அனுப்பிய பிறகு, வேறு வழி பார்க்கலாம் என்றார் முதலாளி.

## எவற்றையெல்லாம் பார்த்தோம்

முதலாளிக்கு ஆரோவில் மண் கல்லின்மேல் நீண்ட நாள் ஆசை. 1989 முதல் அங்கே இயங்கும் புவி நிறுவனம், சிவப்பு மண்ணில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி, சுடாமலே கல் செய்கிறது. நாலு வாரம் ஈரத்தில் வைத்தால் போதும், விறகு வேண்டாம். அங்கே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு மண் எங்கள் மனையில் இல்லை. எங்கள் களிமண்ணில் அந்தக் கல் சரியாக வராது. மண்ணையே லாரியில் கொண்டுவருவதென்றால் கணக்கு உதைத்தது.

சென்னைப் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் 1152 வீடுகள் எழும்பி 2022 மே மாதம் திறக்கப்பட்டிருந்தன. முதலாளியின் மகன் அதைக் காட்டினார். அச்சு, கிரேன், வார்ப்புக் களம் எல்லாவற்றின் செலவையும் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் பங்கு போடலாம். முப்பத்தாறில் போட முடியாது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் செங்கல் அளவு, செங்கல் கனம்தான். செங்கலுக்குப் பதில் சாம்பல் கல் என்றால் சூளையின் தொல்லை தீரும், வேறொன்றும் மாறாது. (இன்று யோசித்தால், வேறொன்றும் மாறாதது அன்றைக்கு ஒரு நன்மை என்றே தோன்றுகிறது.)

கடைசியில் ஏ.ஏ.சி. பிளாக் என்று முடிவானது. சாம்பல் அல்லது மணலோடு சிமெண்ட், சுண்ணாம்பு, ஜிப்சம் சேர்த்துக் கரைத்து, கொஞ்சம் அலுமினியத் தூள் போட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பிக் கலவை இட்லி மாவு போல உப்பும். அதைக் கம்பியால் அறுத்து, 180 டிகிரிக்கு மேல் நீராவி அழுத்தத்தில் அவிப்பார்கள். கல் முழுக்கக் காற்றறைகள். கனமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ, செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்கு. 600க்கு 200க்கு 200 மி.மீ. பிளாக் ஒன்று சுவரில் பத்துச் செங்கலின் இடத்தை அடைக்கும். பத்தடி உயர, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஓடும் மீட்டருக்கு ஏறத்தாழ 1300 கிலோ என்றால், இதில் 500க்குள் முடியும்.

இளகிய மண்ணுக்கு அந்த எடைக் குறைப்புதான் உண்மையான லாபம். ஆனால் முதல் இரண்டு வரிசைகளின் அஸ்திவாரம் செங்கல் கனத்துக்கு வரைந்து, குழியும் தோண்டி, கம்பியும் கட்டியாகிவிட்டது. முறையை மாற்றுவதன் பெரிய ஆதாயம் வேலை தொடங்கும் முன்பே கையை விட்டுப் போயிருந்தது. கூட்டத்தில் இருந்த நாலு பேருக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

## மாதிரிச் சுவர்

பிப்ரவரியில் பிளாக் விற்பவர்கள் தங்கள் ஆட்களோடு வந்தார்கள். பத்தடிக்குப் பத்தடிச் சுவர் ஒன்றை ஒரு முற்பகலில் எழுப்பிக் காட்டினார்கள். செங்கலில் ஒரு கொத்தனாருக்கு ஒன்றரை நாள் வேலை. டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டபடி எல்லாரும் தட்டிப் பார்த்தோம், ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், படம் எடுத்தோம்.

அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை. சுவிட்ச் பெட்டி இல்லை. காலத்தோடு சேரும் ஓரம் இல்லை. பூச்சு இல்லை. மேலே பீம் இல்லை. பிளாக்குகள் நன்றாக உலர்ந்தவை, கட்டியவர்கள் நாளெல்லாம் இதையே செய்பவர்கள். இரண்டு வாரம் கழித்து இடம் வேண்டுமென்று இடித்துவிட்டோம். அதைச் சோதனை என்று நான் பதிவேட்டில் எழுதினேன். அது விற்பனைக் காட்சி.

## முதல் வரிசை: 2023 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

மேஸ்திரிக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். செங்கல் சுவரின் விகிதத்திலிருந்து கொஞ்சம் குறைத்துப் பேசினோம், 'வேலை சீக்கிரம் ஓடுமே' என்று. ஓடும்தான், பழகிய பிறகு. பழகும் நாட்களின் நஷ்டம் முழுக்க மேஸ்திரியின் தலையில் விழுந்தது.

பிளாக்கை ஒட்டுவதற்குப் பையில் வரும் ஒட்டுச் சாந்து வேண்டும், வேலையாட்கள் அதைக் 'கெமிக்கல்' என்பார்கள். இணைப்பு 3 மி.மீ. தாண்டக் கூடாது. அவ்வளவு மெல்லிய இணைப்பில் கோணலைச் சரிக்கட்ட இடமே கிடையாது, முதல் வரி மட்டமாக உட்கார்ந்தே ஆக வேண்டும். செங்கலில் ஒவ்வொரு வரியிலும் சாந்தைக் கூட்டிக் குறைத்து மட்டம் பிடித்துப் பழகிய கைகளுக்கு இது பிடிபடவில்லை. இரண்டாம் வாரமே மூன்றாவது வரியில் நூல் அரை அங்குலம் தள்ளிப்போனது. கடற்காற்றில் கெமிக்கல் மூட்டைகளில் சில கட்டிதட்டின. புது மூட்டை வர நாலு நாள் ஆகும் என்றார்கள். மேஸ்திரி தனக்குத் தெரிந்த வழியில் போனார்: ஒன்றுக்கு ஆறு சிமெண்ட் சாந்து (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்), 12, 15 மி.மீ. கனத்தில். வேலை நிற்கவில்லை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

கட்டுவதற்கு முன் கல்லை நனைப்பது கொத்து வேலையின் பாலபாடம். செங்கலுக்கு அது சரி. சித்தாள்கள் வழக்கம்போல் பிளாக்குகளையும் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். ஏற்கனவே அவை தரையில் அடுக்கப்பட்டு, கோடை மழையில் ஒரு தரம் நனைந்தவை. எலக்ட்ரீஷியன் உளியும் சுத்தியலுமாக வந்து பைப்புக்குக் காடி வெட்டினார். சில சுவர்களில் குறுக்கே நீளமாக வெட்டியதில் பிளாக்கின் முகமே பெயர்ந்தது. வெட்டிய இடத்தைச் சாந்து வைத்து அடைத்தார்கள். சுவரின் தலையைப் பீமின் அடியோடு அன்றன்றைக்கே இறுக்கி அடைத்தார்கள். காலத்தை ஒட்டிய ஓரங்களில் கோழி வலை அடிக்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. ஏறக்குறைய பாதி இடங்களில் அடித்தார்கள்.

பிறகு ஆவணி. பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் ஒன்பது பேர் ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். அதை விட்டால் புரட்டாசி, ஐப்பசியில் மழை, மார்கழி, அப்புறம் தைதான். வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் நாலு மாதம் பொறுங்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சுவர் முடிந்த எட்டாம் நாள், பத்தாம் நாள் பூச்சு ஏறியது. உறுதியாக இருக்கட்டும் என்று ஒன்றுக்கு நாலு கலவை. இரண்டு கோட் பட்டி, பெயிண்ட், வாழைமரம். என் சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டங்களிலும் 'சரி' விழுந்தது. அது செங்கல் காலத்துத் தாள். பிளாக்கின் ஈரம், இணைப்பின் கனம் இரண்டுக்கும் அதில் கட்டமே கிடையாது.

## மழைக்குப் பின் கண்டவை

2023 நவம்பர் நடுவில் முதல் அழைப்பு வந்தது. மேற்குச் சுவரில் கோடு, அதன் வழியே ஓதம். டிசம்பர் முடிவதற்குள் பன்னிரண்டில் பத்து வீடுகளிலிருந்து புகார். வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன்.

விரிசல்கள் மூன்று விதமாக இருந்தன. காலத்தை ஒட்டி மேலிருந்து கீழாக நேர்க்கோடு. ஜன்னலின் கீழ் மூலைகளிலிருந்து சாய்வாக இறங்குவது. நீளமான சுவர்களின் நடுவில், இணைப்புகளைத் தொட்டுக்கொண்டு படிக்கட்டுப் போல ஏறுவது. பெரும்பாலானவை மயிரிழை. சில ஒரு மி.மீ. வரை. சில இடங்களில் பூச்சைத் தட்டினால் பொள்ளென்று சத்தம். மூன்று வீடுகளில் கதவு நிலை ஆடியது. எல்லா வீட்டிலும் ஒரு பொதுக் குறை: ஆணி நிற்கவில்லை. சாமி படம் மாட்டிய ஆணி ஒரு வாரத்தில் துளையோடு கையில் வந்தது என்று ஒரு அம்மா எடுத்துக் காட்டினார்.

காலமும் பீமும்தான் வீட்டைத் தாங்குகின்றன, இந்த விரிசலால் ஆபத்து இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இடிஞ்சு விழாதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. உள்ள தண்ணி வருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செய்த ஒரு நல்ல காரியம்: ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் விரிசல் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்தோம். ஜனவரி கடைசி வரை பல வளர்ந்தன. பிப்ரவரியில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. அஸ்திவாரம் இறங்கியிருந்தால் விரிசல் அப்படி நின்றிருக்காது. சுவர் உலர்ந்து முடித்ததும் விரிசலும் நின்றிருக்கிறது.

## பூச்சை உரித்தபோது

இரண்டு வீடுகளில், வீட்டுக்காரர் அனுமதியோடு, அரையடி அகலத்துக்குப் பூச்சை உரித்தோம். சாந்து இணைப்பு சில இடங்களில் 20 மி.மீ. இருந்தது. மனையில் மிச்சம் கிடந்த பிளாக்குகளில் ஆறை எடுத்துப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் எடை பார்த்து, உலர்த்தி, மறுபடி எடை பார்த்தோம். உலர்ந்த பிளாக் பதினாலரை கிலோ. எங்கள் அடுக்கிலிருந்து போனது பத்தொன்பது கிலோவுக்கு மேல். ஒரு பிளாக்குக்குள் நாலரை லிட்டர் தண்ணீர் வைத்துச் சுவர் கட்டியிருக்கிறோம்.

பிளாக் உலரும்போது சுருங்கும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2185இன் மூன்றாம் பகுதி, முதல் தர பிளாக்குக்கு 0.05 சதவீதம் வரை உலர் சுருக்கத்தை ஏற்கிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். நாலு மீட்டர் சுவருக்கு அது 2 மி.மீ. சுட்ட செங்கல் சூளையிலேயே தண்ணீரை விட்டுவிட்டு வருவதால் அதில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. ஈரச் சுவரை இரண்டு பக்கமும் காலத்தோடும் மேலே பீமோடும் இறுக்கிக் கட்டி, அது சுருங்கும் முன் தன்னைவிடக் கெட்டியான பூச்சால் மூடினோம். சுவருக்குச் சுருங்க இடம் வேண்டும், கிடைக்காததால் வெடித்தது. ஒன்றுக்கு நாலு பூச்சு மென்மையான பிளாக்கின்மேல் ஓடு போல உட்கார்ந்து, சுவர் அசைந்தபோது தனியே பிரிந்தது. 'உறுதியாக இருக்கட்டும்' என்று போட்டதே வினையானது.

## கூட்டம்

2024 பிப்ரவரியில் முதலாளி எல்லாரையும் உட்கார வைத்தார். பிளாக் விற்றவரின் ஆள், பிளாக்கில் குறையில்லை, கொத்தனார்களுக்குத்தான் வேலை தெரியவில்லை என்றார். சான்றிதழைக் காட்டினார், அதில் குறை இல்லைதான். மேஸ்திரி, "செங்கல்ல இப்படி ஒரு வீட்ல ஆச்சா முதலாளி?" என்று மட்டும் கேட்டார். முதலாளியின் மகன் ஒப்பந்தக்காரரையே மாற்றலாம் என்றார். கணக்குப் பிள்ளை செங்கலுக்கே திரும்பச் சொன்னார்.

செங்கலுக்குத் திரும்புவது நியாயமான யோசனைதான். அன்று கை தூக்கச் சொல்லியிருந்தால் அதுவே ஜெயித்திருக்கும். முதலாளி ஒப்புக்கொள்ளாததற்கு இரண்டு காரணங்கள். மூன்றாம் வரிசைக்கு இன்னும் குழி தோண்டவில்லை, எடைக் குறைப்பின் பலன் அங்கேயாவது கிடைக்கும். இன்னொன்று, ஆய்வகத் தாளைப் பார்த்த பிறகு தவறு எதுவென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்த தோல்வியை விட்டுவிட்டுச் செங்கல் தட்டுப்பாட்டுக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை.

கூட்டம் முடிந்து மேஸ்திரியோடு நடந்து வந்தேன். பிளாக் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்ததை மூன்றாம் நாளே பார்த்ததாகச் சொன்னார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா, இவனுக்கு வேலை தெரியலன்னுதானே சார் நினைப்பீங்க? சதுர அடிக்கு ஒத்துக்கிட்டு வந்தவன் நின்னு யோசிக்க முடியுமா?"

அந்த நாலு பக்க ஆய்வக அறிக்கையைவிட இந்த இரண்டு கேள்விகளே எனக்கு அதிகம் சொல்லின.

## பத்து நாள் நாட்கூலி

முடிவு இது: இரண்டாம் வரிசையை நிறுத்தி வைத்து, சிமெண்ட் மூட்டை வைக்க எப்படியும் வேண்டிய ஒரு கிடங்கைப் பத்து நாளில் பிளாக்கில் கட்டுவது. இம்முறை ஜன்னல், கதவு, காலம், பீம், சுவிட்ச் பெட்டி, பூச்சு எல்லாம் உண்டு. அந்தப் பத்து நாளும் சதுர அடிக் கணக்கு இல்லை, நாட்கூலி. கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டினாலும் கூலி உண்டு. எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் கட்டாயம் இருக்க வேண்டும், அவர்களுக்கும் கூலி நிறுவனத்தின் செலவு.

முதல் மூன்று நாள் பழைய கதைதான். கரண்டியால் கெமிக்கலை அள்ளி வைத்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். நாலாம் நாள், முதல் வரிசையில் டைல்ஸ் சரிசெய்ய வந்திருந்த பண்ருட்டிப் பக்கத்து இளைஞன் ஒருவன் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான். "அண்ணே, இது டைல்ஸ் ஒட்டுற மாதிரிதான். அள்ளி வைக்காதீங்க, சீவி விடுங்க" என்று தன் பல் வைத்த கரண்டியை எடுத்து வந்தான். கெமிக்கலை ஒரே சீராகக் கோடு கோடாக இழுத்து, பிளாக்கை வைத்து, ரப்பர் சுத்தியால் நாலு தட்டு. இணைப்பு 3 மி.மீ.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. "தரை ஒட்டுறது வேற தம்பி, சுவர் எழுப்புறது வேற." அதுவும் உண்மைதான். அன்று மாலைக்குள் அந்தப் பையன் எழுப்பிய ஐந்து வரியில் தூக்குகுண்டு ஒன்றரை அங்குலம் விலகி நின்றது.

மறுநாள் மேஸ்திரியே வழி கண்டுபிடித்தார். முதல் வரியைத் தானும் மூத்த கொத்தனார்களும் கெட்டியான சிமெண்ட் சாந்துப் படுகையில் மட்டம் பிடித்து வைப்பது, மூலைகளையும் அவர்களே எழுப்பித் தூக்குகுண்டு பார்ப்பது. நடுவில் நிரப்புவது டைல்ஸ் கை. விற்பவர்களின் கையேட்டில் இப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. மெல்லிய இணைப்பின் வித்தை டைல்ஸ் ஆட்களிடம் ஏற்கனவே இருந்தது, எங்கள் மனையிலேயே, ஒரு வருடமாக. நாங்கள் தேடிய இடம் வேறு.

இதை நினைக்கும்போதெல்லாம் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி ஞாபகம் வரும். 1937இல் தொடங்கி எட்டு ஆண்டுகள் கட்டிய அந்தக் கான்கிரீட் கட்டடத்தில் வேலை செய்தவர்களில் பலர் கட்டடத் தொழிலையே முன்பின் அறியாத ஆசிரமவாசிகள். பழைய பழக்கம் இல்லாத கைகளும் சிலசமயம் உதவும். ஆனால் எட்டு ஆண்டுகள் அவர்களுக்குக் கிடைத்தன. எங்களுக்குக் கிடைத்தவை பத்து நாட்கள்.

மீதி நாட்களில் மற்றவை முடிவாயின. பிளாக்கை முக்கக் கூடாது, ஒட்டும் முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். காடி வெட்ட உளி கூடாது, இரட்டைத் தகடு மெஷின்தான், குறுக்கு வெட்டு அறவே கிடையாது. கதவு நிலையின் பிடி வரும் மூன்று இடங்களில் பிளாக்குக்குப் பதில் சிறு கான்கிரீட் கட்டை. ஒரு நாளில் நாலரை அடிக்கு மேல் உயர்த்துவதில்லை. ஜன்னல் அடியிலும், ஜன்னல் தலைக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்திலும் சுவர் நீளத்துக்கு மெல்லிய ஆர்.சி.சி. பட்டை. பீமின் அடியில் அரை அங்குலம் இடைவெளி விட்டு, சுவர் உலர்ந்த பின் நெகிழும் பொருளால் அடைப்பது. பூச்சு ஒன்றுக்கு ஆறு, 12 மி.மீ.

## இரண்டாம் வரிசை, முதல் வரிசையின் பழுது

பிப்ரவரி, மார்ச்சில் முதல் வரிசையைச் சரிசெய்தோம். விரிசலை வி வடிவில் கீறி, நெகிழும் நிரப்பியை ஏற்றி, மேலே நார்வலைப் பட்டை ஒட்டினோம். நாலு வீடுகளில் மேற்குச் சுவரின் வெளிப்பூச்சை முழுக்க உரித்து மெலிந்த கலவையில் மறுபடி பூசினோம். ஆணிக்குப் பதில், பிளாக்குக்கென்று வரும் நைலான் செருகியையும் திருகாணியையும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டப்பா கொடுத்தோம். மற்ற பழுதுகள் எல்லாவற்றையும்விட அந்த டப்பாவுக்குத்தான் நன்றி அதிகம் கிடைத்தது.

இரண்டாம் வரிசை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடந்தது. புதுக் கூலியை, கிடங்கு கட்டிய கடைசி நான்கு நாளின் வேகத்தை அளந்து, மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசி வைத்தோம். வந்த பிளாக் மரப்பலகைமேல், தார்பாய்க்கு அடியில். லோடுக்கு நாலு பிளாக் தராசில். பதினேழு கிலோவுக்கு மேல் என்றால் அந்த அடுக்கு காத்திருக்கும்.

இருப்பதில் கடினமானது வீடு வாங்கியவர்களோடான பேச்சு. இந்த முறை ஆவணி இல்லை, தைதான் என்று முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுத்தோம். இரண்டு பேர் விலகினார்கள். சுவர் முடிந்து பூச்சுக்கு முன் குறைந்தது ஆறு வாரம் உலர விட அந்த மாதங்கள்தான் இடம் கொடுத்தன.

தவறாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஜூலையில் நான் நான்கு நாள் விடுப்பில் இருந்தபோது புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் இரண்டு வீடுகளில் உளியால் வெட்டிவிட்டார். அவர் கிடங்கு கட்டிய பத்து நாளில் இல்லாதவர்.

## ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வர, டிசம்பர் 2ஆம் தேதி கடலூரின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. எங்கள் மனைச் சாலையில் இரண்டரை அடித் தண்ணீர் நின்றது. பேஸ்மட்டம் தப்பியது.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். இரண்டாம் வரிசையில் இன்னும் யாரும் குடிவரவில்லை. பன்னிரண்டு வீடுகளில் மூன்றில், ஐந்து இடங்களில் மயிரிழை விரிசல். அவற்றில் இரண்டு அந்த உளி வெட்டின் மேலேயே. ஓதம் ஒரே ஒரு ஜன்னல் அடியில். பழுது பார்த்த முதல் வரிசையில் பத்து வீடுகள் தாங்கின. இரண்டில் மேற்குச் சுவர் மறுபடி கசிந்தது.

பிப்ரவரியில் கணக்குப் பார்த்தோம். கல், கெமிக்கல், கூலி, பூச்சு எல்லாம் சேர்த்து இரண்டாம் வரிசையின் சுவர்ச் செலவு செங்கலுக்கு ஏறக்குறையச் சமம். மிச்சமானது நாலு வாரமும் பூச்சு மணலும். முதல் வரிசையின் பழுதுச் செலவைச் சேர்த்தால் திட்டம் இன்னும் நஷ்டத்தில்தான் நிற்கிறது. மூன்றாம் வரிசையின் அஸ்திவாரத்தைப் புது எடைக்கு வரைந்ததில் கம்பியும் கான்கிரீட்டும் குறைந்தன. முதல் ஆதாயம் அங்கிருந்துதான் வரத் தொடங்கியது, முடிவெடுத்து இரண்டு வருடம் கழித்து.

## இன்று செய்வதென்றால்

வரைபடம் போடும் முன் சுவர்ப் பொருளை முடிவு செய்திருப்போம். மற்ற எல்லாத் தவறையும்விட இதன் விலை அதிகம், ஆனால் விரிசல் போலக் கண்ணுக்குத் தெரியாததால் இதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

பழகும் நாட்களின் கூலியை மதிப்பீட்டில் தனி வரியாக எழுதியிருப்போம். பன்னிரண்டு வீட்டுப் பழுதில் அந்தப் பத்து நாள் கூலி பல மடங்காகப் போனது. அதே பத்து நாளை 2023 பிப்ரவரியில் கொடுத்திருக்கலாம். மாதிரியைக் கட்டும்போது விற்பவரின் ஆட்கள் பக்கத்தில் நிற்கலாம், கரண்டி நம் ஆட்களின் கையில் இருக்க வேண்டும். மாதிரி ஒரு மழையைப் பார்க்கும் வரை அதை இடிக்கவும் கூடாது.

சரிபார்ப்புத் தாள் இப்போது மாறியிருக்கிறது: பிளாக்கின் எடை, இணைப்பின் கனம், சுவர் முடிந்த தேதி, பூச்சு தொடங்கிய தேதி. வேலையை நிறுத்தும் உரிமை இப்போது மேஸ்திரிக்கும் உண்டு, நிறுத்திய நாளுக்கு நாட்கூலி கிடைக்கும். இதுவரை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறார். ஒருமுறை அவர் நிறுத்தியது தேவையில்லாதது என்பது என் கருத்து. கூலி கொடுத்தோம்.

தீராத சங்கடம் ஒன்று உண்டு. கை பழகிய டைல்ஸ் ஆட்கள் இருவரும் தைப் பொங்கல் முடிந்து பெங்களூருக்குப் போய்விட்டார்கள், அங்கே கூலி அதிகம். நிறுவனம் கற்றதில் பாதி அவர்களோடு பஸ் ஏறியது. மூன்றாம் வரிசைக்குப் புது ஆட்களுக்கு மேஸ்திரிதான் கற்றுக்கொடுக்கிறார், ஆறு நாள் நாட்கூலியில். அந்த டைல்ஸ் பையன் விட்டுப்போன பல் வைத்த கரண்டியை மாதிரியாக வைத்து, கடலூர் முதுநகர் பட்டறை ஒன்றில் எட்டுக் கரண்டி அடித்து வாங்கி வந்திருக்கிறார்.

2025 பிப்ரவரி மூன்றாம் வாரம் மூன்றாம் வரிசைக்கு முதல் லோடு இறங்கியது. நாலு பிளாக்கைத் தராசில் வைத்தார்கள். மூன்று பதினேழுக்குள், ஒன்று பத்தொன்பது. அது வந்த அடுக்கைத் தனியே போடச் சொல்லிவிட்டு, அதன்மேல் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதினார் மேஸ்திரி. முதல் வரிசையில் ஏழாம் எண் வீட்டு மேற்குச் சுவர் இன்னும் கசிகிறது. அதை மார்ச்சில் மறுபடி உரிக்கப் போகிறோம்.